கப்பலேறிய விழாக்கள்

அக்டோபர் பிறந்துவிட்டால் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் கடைத்தொகுதிகளின் முகப்பு மாறிவிடும். ஒரு பக்கம் தீபாவளிக் கோலமும் குத்துவிளக்கும். மறுபக்கம் பிளாஸ்டிக் பூசணிக்காயும், சிவந்த மேப்பிள் இலைகளும், சூனியக்காரியின் துடைப்பமும். நம் ஊரில் இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. வெயிலும் மழையும் மாறி மாறி வரும், அவ்வளவுதான். அப்படியிருந்தும் ஆண்டுதோறும் நடு இலையுதிர்காலத் திருநாளுக்கு மூன்கேக் சாப்பிடுகிறோம். பிள்ளைகள் கையில் விளக்கேந்தி நடக்கிறார்கள்.

விழா ஒரு மண்ணில் பிறக்கும், கப்பலேறி வேறொரு மண்ணில் போய் இறங்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘ரஜூலா’ கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். வயலே இல்லாத அடுக்குமாடி வீட்டில் அறுவடைத் திருநாள் பொங்கலைப் பொங்க வைப்பவர்கள்.

அதனால்தானோ என்னவோ, ‘ஆங்கிலம் பேசும் நாடுகள்’ என்று ஒரே மூச்சில் நாம் சொல்லிவிடும் நாடுகளின் இலையுதிர்கால விழாக்களைப் பார்க்கும்போது நமக்குச் சில விஷயங்கள் சட்டென்று புரிகின்றன. கனடாவில் அக்டோபரிலேயே முடிந்துவிடும் விருந்து, அமெரிக்காவில் நவம்பர் கடைசியில்தான் நடக்கிறது. இங்கிலாந்தில் அந்த விருந்தே இல்லை. நியூசிலாந்தில் பட்டாசு வெடிக்கும்போது அங்கே வசந்தகாலம். மொழி ஒன்றுதான். மண்ணும் வானிலையும் பழைய காயங்களும் ஊருக்கு ஊர் வேறு. ஒவ்வோர் ஊராகப் போய்ப் பார்ப்போம்.

டர்னிப் விளக்கு

ஹாலோவீன் என்றதும் அமெரிக்கா நினைவுக்கு வருகிறது. அதன் தாய்வீடு அயர்லாந்து. அறுவடை முடிந்து இருண்ட பருவம் தொடங்கும் எல்லையில், அக்டோபர் 31 இரவு, ‘சவின்’ என்ற பழைய கெல்டிக் விழா வந்தது. அன்று இறந்தவர்கள் உலவுவார்கள் என்பது நம்பிக்கை. நவம்பர் 1 கிறிஸ்துவத்தில் எல்லாப் புனிதர்களின் திருநாளானது. அதற்கு முந்திய மாலை என்ற பொருளில் ஹாலோவீன் என்ற பெயர் வந்தது.

ஐரிஷ்காரர்கள் அன்று குடைந்து விளக்காக்கியது பூசணிக்காயை இல்லை. டர்னிப் என்ற கிழங்கைத்தான். மேயோ வட்டாரத்தில் காசல்பார் நகருக்கு அருகே உள்ள அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் நாட்டுப்புற வாழ்க்கைப் பிரிவில், டோனகோல் பகுதியைச் சேர்ந்த பழைய டர்னிப் விளக்கு ஒன்றின் அச்சு வார்ப்பு இருக்கிறது. சுருங்கிய தோல், குழிந்த கண், கோணல் பல். நம் கடைத்தொகுதியில் சிரிக்கும் பூசணிக்காயைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் அதைப் பார்த்தால் உண்மையிலேயே பயந்துவிடுவார்கள்.

அன்றைய பலகாரம் ‘பார்ம்பிராக்’. உலர்ந்த திராட்சை சேர்த்த இனிப்பு ரொட்டி. மாவுக்குள் ஒரு மோதிரத்தைப் புதைத்துச் சுடுவார்கள். யாருடைய துண்டில் மோதிரம் வருகிறதோ அவருக்கு விரைவில் கல்யாணம். முன்பு காசும் கந்தைத் துணியும்கூட உள்ளே இருக்கும். காசு வந்தால் செல்வம், துணி வந்தால் வறுமை. இன்றைய அயர்லாந்தில் அக்டோபர் மாதக் கடைசித் திங்கட்கிழமை பொது விடுமுறை. 1977 முதல் அப்படி.

கடலைத் தாண்டினால் ஸ்காட்லாந்து. அங்கும் டர்னிப் விளக்குதான். வேடமிட்டு வீடு வீடாகப் போகும் பிள்ளைகள் கதவைத் தட்டிக் கையை நீட்டினால் மட்டும் போதாது. ஒரு பாட்டுப் பாட வேண்டும், அல்லது ஒரு நகைச்சுவைத் துணுக்கு சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே மிட்டாயோ கடலையோ ஆப்பிளோ கிடைக்கும்.

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிப் பெரும் பஞ்சம் வந்தது. பத்து லட்சம் பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். பெருந்திரளான மக்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களோடு ஹாலோவீனும் ஏறியது. போய் இறங்கிய மண்ணில் பூசணி மலிவாக விளைந்தது. கல் போன்ற டர்னிப்பைவிட அதைக் குடைவது எளிது, முகமும் பெரிதாக அமைந்தது. விளக்கு மாறிவிட்டது. வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் வழக்கம், இரண்டாம் உலகப் போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு முடிந்த பிறகு அமெரிக்கா முழுவதும் வேர்விட்டது. பாட்டும் துணுக்கும் பெரும்பாலும் வழியில் உதிர்ந்துபோயின. இன்று அந்த அமெரிக்கப் பூசணி அட்லாண்டிக்கைத் திரும்பக் கடந்து டப்ளின் கடைகளிலேயே அடுக்கப்பட்டிருக்கிறது. பஞ்சத்துக்குத் தப்பி ஊரைவிட்டுப் போனவர்களின் பேரன் வேற்றுச் சட்டை போட்டுக்கொண்டு ஊருக்கு வந்ததுபோல.

கொடும்பாவி எரியும் ஊர்

இங்கிலாந்தில் ஆகஸ்டு மாதக் கடைசித் திங்களுக்குப் பிறகு கிறிஸ்துமஸ் வரை பொது விடுமுறை ஒன்றுகூட இல்லை. இலையுதிர்காலம் முழுவதும் வேலை நாள். ஆனாலும் நவம்பர் 5 இரவு நாடே வெடிச்சத்தத்தில் அதிரும்.

1605இல் மன்னர் முதலாம் ஜேம்ஸையும் நாடாளுமன்றத்தையும் வெடிவைத்துத் தகர்க்கக் கத்தோலிக்கக் குழு ஒன்று சதி செய்தது. கட்டடத்துக்கு அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு கை ஃபாக்ஸ் பிடிபட்டார். அடுத்த ஆண்டே அந்த நாளில் நன்றி வழிபாடு நடத்த வேண்டும் என்று சட்டம் வந்தது. அது 1859 வரை நீடித்தது. இங்கிலாந்துக்கும் ஒரு ‘நன்றி கூறும் நாள்’ இருந்திருக்கிறது என்று சொல்லலாம். விளைச்சலுக்காகச் சொன்ன நன்றி இல்லை, மன்னர் பிழைத்ததற்காகச் சொன்ன நன்றி. நம் ஊர்ச் சொக்கப்பனை மாதிரி தீ மூட்டி, நம் ஊர் அரசியல் கட்சிகள் செய்வதுபோல் கொடும்பாவி கொளுத்துவார்கள் என்று சொன்னால் காட்சி புரிந்துவிடும். வட இங்கிலாந்தில் அன்று இஞ்சியும் ஓட்ஸும் சேர்த்த ‘பார்க்கின்’ கேக் உண்டு.

இந்த இரவை முழு வீச்சில் பார்க்க வேண்டுமானால் தெற்கே சசெக்ஸ் வட்டாரத்து லூயிஸ் நகருக்குப் போக வேண்டும். தீ விழாவுக்கென்றே அங்கே சங்கங்கள் இருக்கின்றன. உறுப்பினர்கள் சங்கத்துக்கு ஒரு நிறத்தில் கோடு போட்ட சட்டையணிந்து, தீப்பந்தம் ஏந்திக் குறுகிய தெருக்களில் ஊர்வலம் வருவார்கள். அவர்கள் தூக்கிவரும் எரியும் சிலுவைகள் 17. மேரி அரசியின் காலத்தில், 1555க்கும் 1557க்கும் இடையில், அந்த ஊரில் தீயிலிட்டுக் கொல்லப்பட்ட 17 புராட்டஸ்டன்டுகளுக்கு ஒவ்வொன்று. நவம்பர் 5 ஞாயிறாக இருந்தால் விழா முதல் நாளே நடந்துவிடும். மாலையில் சாலைகளை மூடிவிடுவார்கள், அண்மைய ஆண்டுகளில் ரயில்களும் அங்கே நிற்காமல் சென்றிருக்கின்றன. போக நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே யார்க் நகரம் கை ஃபாக்ஸ் பிறந்த ஊர். அவர் படித்த செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி இன்றும் இருக்கிறது. அந்தப் பள்ளியில் மட்டும் அவருடைய கொடும்பாவியை எரிப்பதில்லை. நாடே எரித்தாலும் பழைய மாணவரை எரிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. ஒரே நாட்டுக்குள்கூட ஒரு விழாவை எல்லாரும் ஒரே இடத்திலிருந்து பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சிறிய, இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இங்கிலாந்தின் பட்டாசுச் சட்டத்தில் நமக்கும் ஓர் இடம் உண்டு. சாதாரண நாளில் இரவு 11 மணிக்குமேல் வெடிக்கக் கூடாது. நவம்பர் 5 அன்று நள்ளிரவு வரை வெடிக்கலாம். தீபாவளியன்று அதிகாலை 1 மணி வரை! புத்தாண்டுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் இதே சலுகை.

ஒரே வான்கோழி, இரண்டு நாள்

கனடாவில் நன்றி கூறும் நாள் அக்டோபர் இரண்டாவது திங்கள். அமெரிக்காவில் நவம்பர் நான்காவது வியாழன். இரண்டு இடத்திலும் அதே வான்கோழி, அதே பூசணி ‘பை’, அதே கிரான்பெரித் துவையல். ஆறு வார இடைவெளி எதற்கு? முதல் காரணம் வானிலை. வடக்கே போகப் போகப் பனி முந்திக்கொள்ளும், அதனால் அறுவடையும் முந்தும். நவம்பர் கடைசியில் கனடாவின் பல வயல்கள் பனிக்கு அடியில் கிடக்கும். அக்டோபர் நடுவிலோ ஒன்டாரியோவின் மேப்பிள் காடுகள் செக்கச்சிவந்து நிற்கும்.

1578இல் மார்ட்டின் ஃபிராபிஷரின் கப்பல்கள் இன்றைய நுனாவட் பகுதியில் பத்திரமாகக் கரைசேர்ந்ததற்கு நடந்த நன்றி வழிபாட்டைக் கனடாக்காரர்கள் தங்கள் தொடக்கமாகச் சுட்டுவதுண்டு. நாள் நெடுங்காலம் அங்குமிங்கும் அலைந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு, 1921 முதல் சில ஆண்டுகள், போர்நிறுத்த நாளும் இதுவும் நவம்பரில் ஒரே நாளில் வந்தன. ஒரே மேசையில் நன்றியும் துக்கமும் ஒத்துப்போகவில்லை. 1931இல் இரண்டும் பிரிந்தன. 1957இல்தான் அக்டோபர் இரண்டாம் திங்கள் நிலையானது. விருந்து ஆரவாரமில்லாதது. மூன்று நாள் விடுமுறையில் எந்த நாளிலும் வைத்துக்கொள்வார்கள்.

இப்போது அந்த விருந்துக்கு ஓரிரு வாரம் முன்னால் வேறொரு நாள் வந்து நிற்கிறது. செப்டம்பர் 30. அன்று பலரும் ஆரஞ்சு நிறச் சட்டை அணிவார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஃபிலிஸ் வெப்ஸ்டாட், ஆறு வயதில் உறைவிடப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பாட்டி வாங்கித் தந்த புதிய ஆரஞ்சுச் சட்டையை முதல் நாளே பறித்துக்கொண்டார்கள். பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்தும் தாய்மொழியிலிருந்தும் பிரித்த பள்ளிகள் அவை. அந்தச் சட்டையின் நினைவாக 2013இல் தொடங்கிய நாள், 2021 முதல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளாக, கூட்டரசு அளவில் விடுமுறையாகியிருக்கிறது.

அமெரிக்கக் கதை இன்னும் நீளம். 1620இல் ‘மேஃபிளவர்’ கப்பலில் 102 பயணிகள் வந்தார்கள். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துபோனார்கள். மறு ஆண்டு விளைச்சல் கைக்கு வந்ததும் மூன்று நாள் விருந்து நடந்தது. வாம்பனோவாக் பழங்குடித் தலைவர் மாசசோயிட் சுமார் 90 பேரோடு வந்தார். அவர்கள் ஐந்து மான்களைக் கொண்டுவந்தார்கள்.

பள்ளிப் பாடநூல்கள் இதை நட்பின் விருந்து என்று சொல்லிவந்தன. இரு தரப்புக்கும் மொழிபெயர்த்தவர் டிஸ்குவாண்டம் என்ற பழங்குடியினர். அவருக்கு எப்படி ஆங்கிலம் தெரிந்தது? 1614இல் ஆங்கிலேயக் கப்பல்காரர் ஒருவர் அவரைக் கடத்திக்கொண்டுபோய் ஸ்பெயினில் அடிமையாக விற்க முயன்றார். தப்பி இங்கிலாந்துக்குப் போய், பல ஆண்டு கழித்து ஊர் திரும்பினார். ஊர் இல்லை. இடைப்பட்ட காலத்தில் பரவிய கொள்ளைநோயில் அவருடைய பட்டுக்செட் கிராமமே அழிந்திருந்தது. மேஃபிளவர் பயணிகள் குடியேறியது அந்த வெறிச்சோடிய கிராமத்தில்தான். ஆங்கிலம் பேசும் நாடுகளின் விழாக்களைப் பற்றிப் பேசும்போது, அந்த முதல் விருந்தில் ஆங்கிலம் பேசிய பழங்குடி மனிதரை மறக்க முடியாது.

அந்த விருந்து தேசிய விழாவானது இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு. பத்திரிகை ஆசிரியர் சாரா ஜோசஃபா ஹேல் பல ஆண்டுகள் எழுதி எழுதிக் கேட்டார். உள்நாட்டுப் போரின் நடுவே, 1863இல், அதிபர் லிங்கன் நவம்பர் கடைசி வியாழனை அறிவித்தார். 1939இல் அதிபர் ரூஸ்வெல்ட் கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குக் கூடுதல் நாள் கிடைக்கட்டும் என்று அதை ஒரு வாரம் முன்னுக்கு இழுத்தார். சில மாநிலங்கள் ஏற்றன, சில மறுத்தன. நாடு ஒரே ஆண்டில் இரண்டு நாள் கொண்டாடியது. 1941இல் நாடாளுமன்றம் நான்காவது வியாழன் என்று சட்டமியற்றி வழக்கை முடித்தது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளிமத் நகருக்குப் போனால் துறைமுகத்தில் மேஃபிளவரின் மாதிரிக் கப்பல் நிற்கிறது. எதிரே கோல்ஸ் ஹில் என்ற மேடு. அதன்மேல் மாசசோயிட் சிலை. 1970இல், கப்பல் வந்த 350ஆம் ஆண்டு விழாவில் பேச வாம்பனோவாக் இனத்து ஃபிராங்க் ஜேம்ஸ் அழைக்கப்பட்டார். உரையை முன்கூட்டியே வாங்கிப் பார்த்த ஏற்பாட்டாளர்கள் மாற்றச் சொன்னார்கள். அவர் மாற்றவில்லை, மேடையும் ஏறவில்லை. அவ்வாண்டு நன்றி கூறும் நாளில் அந்தச் சிலையடியில் பழங்குடியினர் கூடித் ‘தேசியத் துக்க நாள்’ அனுசரித்தார்கள். அன்று முதல் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். ஒரே வியாழக்கிழமை. வீடுகளில் வான்கோழி வெந்துகொண்டிருக்கும். மேட்டில் சிலர் உண்ணாநோன்போடு நிற்பார்கள்.

வசந்தத்தில் வந்திறங்கிய இலையுதிர்காலம்

தென்பாதிக்கு வந்தால் நாட்காட்டி தலைகீழாகிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இலையுதிர்காலம் மார்ச் முதல் மே வரை. புத்துயிர்ப்பின் அடையாளமான ஈஸ்டர் முட்டையை இலை உதிரும்போது பரிமாறுவார்கள். ஆஸ்திரேலியாவில் முயல்கள் பயிரை அழிக்கும் தொல்லை என்பதால், ஈஸ்டர் முயலுக்குப் பதிலாக அந்நாட்டின் நீள்காது விலங்கான ‘பில்பி’ உருவத்தில் சாக்லெட் விற்கிறார்கள். அக்டோபர் 31 அங்கே வசந்தம். பேய் வேடமிட்ட பிள்ளைகள் பளிச்சென்ற மாலை வெயிலில் மிட்டாய் கேட்டுப் போவார்கள்.

நியூசிலாந்தில் கை ஃபாக்ஸ் இரவு இன்னும் இருக்கிறது. கடைகளில் பட்டாசு விற்பனை நவம்பர் 2 முதல் 5 வரை நான்கே நாள். இருட்ட எட்டு மணிக்கு மேலாகும் என்பதால் பிள்ளைகள் தூக்கக் கண்ணோடு காத்திருப்பார்கள்.

அதே நவம்பர் 5ஐ வடதீவின் தாரானாகி வட்டாரத்தில் பரிஹாகா கிராமம் வேறு விதமாக நினைவில் வைத்திருக்கிறது. அரசு பறிமுதல் செய்த மாவோரி நிலத்தை அளக்க வந்தபோது, தே விட்டி, டோஹு என்ற இரு தலைவர்களின் மக்கள் ஆயுதம் எடுக்கவில்லை. அளவுக் குச்சிகளைப் பிடுங்கினார்கள். தங்கள் நிலத்தைத் தாங்களே உழுதார்கள். 1881 நவம்பர் 5 அன்று சுமார் 1,600 ஆயுதப் படையினர் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். அவர்களை எதிர்கொண்டது பாடி ஆடிய குழந்தைகள். வந்தவர்களுக்கு ரொட்டி சுட்டு வைத்திருந்தார்கள். தலைவர்கள் கைதானார்கள், விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன. அப்போது காந்திக்கு வயது 12.

2017இல் அரசு பரிஹாகாவுக்கே வந்து முறையாக மன்னிப்புக் கேட்டது. நவம்பர் 5 இனி பரிஹாகா நாளாக வேண்டும் என்ற குரல் அங்கே நெடுநாளாக ஒலிக்கிறது. லண்டனில் 1605இல் வெடிக்காமல்போன மருந்துக்குப் பட்டாசு விடும் நாட்டில், சொந்த ஊரில் அதே தேதியில் நடந்ததை எத்தனை பேர் நினைக்கிறார்கள் என்பதே அவர்களின் கேள்வி.

தாமதமாக வந்த மலர்

இத்தனை வேற்றுமைக்கு நடுவே பலருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. சட்டையில் குத்தும் சிவப்பு பாப்பி மலர். முதல் உலகப் போர் ஓய்ந்த 1918 நவம்பர் 11ஐ நினைத்து பிரிட்டனும் கனடாவும் நவம்பரில் அணிகின்றன. நியூசிலாந்திலும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். 1921இல் பிரான்சிலிருந்து பாப்பி மலர்களை ஏற்றி வந்த கப்பல் தாமதமாகிவிட்டது. நவம்பர் 11 கடந்துபோயிற்று. வந்த மலர்களை அடுத்த ஆண்டு, ஏப்ரல் 25 அன்ஸாக் நாளுக்கு முந்திய தினம் விற்றார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. கலிபோலியில் மாண்டவர்களை நினைக்கும் ஏப்ரல் தென்பாதியின் இலையுதிர்காலம். ஒரு கப்பலின் தாமதத்தால், உலகின் இரு பாதியிலும் அந்த மலர் இலை உதிரும் பருவத்தில் பூக்கிறது.

அதைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிங்கப்பூரின் கிராஞ்சி போர்க் கல்லறைத் தோட்டத்தில் நவம்பரில் நினைவு ஞாயிறும், ஏப்ரலில் அன்ஸாக் விடியல் வழிபாடும் நடக்கின்றன. கல்லறைகூட இல்லாமல் போன 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே சுவரில் இருக்கின்றன. பிரிட்டன், ஆஸ்திரேலியப் பெயர்களுக்குப் பக்கத்தில் இந்தியப் படையினரின் பெயர்களையும் காணலாம்.

ஆண்டிறுதி விடுமுறைக்கு இந்த நாடுகளுக்குச் செல்பவர்கள் விருந்துக்கு அழைத்தால் தயங்காமல் போய்வாருங்கள். பார்ம்பிராக்கில் மோதிரம் வந்தால் மகிழுங்கள். வான்கோழி சாப்பிடாதவர்களுக்குப் பூசணிப் பை இருக்கும். நேரம் கிடைத்தால் பிளிமத்தில் கப்பலைப் பார்த்த கையோடு எதிரே உள்ள மேட்டிலும் ஏறுங்கள். சில படிகள் ஏறினால் போதாதா என்ன, மாசசோயிட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாமே.